நாற்பது கூறு

மலாய் நாட்டில், ஜார்ஜ் டவுனுக்கு எதிர்க்கரையில் இருக்கும் மாக் மண்டினில் ஓர் இரும்புப் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் திங்கட்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும், பெயின்ட் பிரிவில் வேலை பார்க்கும் லெட்சுமி அக்கா என்னைப் பின்பக்கத்து மாமரத்தடிக்குக் கூட்டிப்போனார். மலாய்க்காரத் தோழர்கள் உட்கார்ந்து சாப்பிடும் கேன்டீனுக்குள் சில கறிகளை இங்கே யாரும் கொண்டுபோவதில்லை. அது யாரும் எழுதி ஒட்டாத மரியாதை. அந்தக் கறிகளுக்கென்றே இந்த மரத்தடி. அக்கா தூக்குச்சட்டியைத் திறந்து பலகை மேல் வைத்து, ஏதோ தக்காளிச் சட்னியைப் பற்றிச் சொல்வது போல, "காட்டுப்பன்னி. போட்டுக்க தம்பி" என்றார். நான் சட்டியைப் பார்க்கவில்லை. கேட்டைப் பார்த்தேன். காக்கிச் சட்டை ஏதாவது வருகிறதா என்று பார்த்தேன். போன வருஷம் வரைக்கும் அந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெளியூர் உறவினர் கொண்டுவந்து தரும் கறியோடு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அக்கா சட்டியைத் திறப்பார், என் கழுத்து தானாகக் கேட்டுப் பக்கம் திரும்பும்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் போல பெர்மிட்டில் வந்து, இங்கே எல்லோரும் எதையும் சத்தமாகச் சொல்கிறார்களே என்று முழிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் கம்பம் பள்ளத்தாக்கில் மலையடிவாரத்தில் இருக்கிறது. காட்டுப்பன்றியைத் தின்றால் அங்கே வனச் சட்டப்படி சிறை, அதனால் இந்தக் கறிக்குப் பெயரே கிடையாது. 'அந்தக் கறி' என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். அடுப்பில் அது கொதிக்கிற வீட்டில் கருவாட்டையும் சேர்த்துச் சுடுவார்கள், வாசனை தெருவுக்குப் போய்க் காட்டிக்கொடுக்கக் கூடாதே என்று. எங்கள் தெருவில் ஒருவர் வீட்டில் ஒரு சட்டி அந்தக் கறி பிடிபட்டு, அந்த மனிதர் வருஷக்கணக்காகக் கோர்ட்டுக்கு அலைந்தார். குற்றவாளி போலத் தலையைக் குனிந்து அவர் பஸ் ஏறிய கோலம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆனால் அந்தப் பன்றிகள் எங்களிடம் குரலைத் தாழ்த்தியதே இல்லை. கடலை முற்றி, நாளைக்குப் பறிக்கலாம் என்று அப்பா முடிவு செய்து படுத்தால், காலையில் போய்ப் பார்க்கும்போது நிலம் உழுது போட்ட மாதிரி கிடக்கும். ஒரு முறை அப்படிக் கிளறிவிட்டுத் திரும்பிய பன்றி ஒன்று எங்கள் கிணற்றில் விழுந்து செத்தது. அப்பா நேர்மையாக வனத்துறை அதிகாரிகளுக்குச் சொல்லி அனுப்பினார். வந்தார்கள், எழுதினார்கள், எங்களை வைத்தே கயிறு கட்டி மேலே தூக்கினார்கள். பிறகு யாரும் எடுத்துவிடக் கூடாது என்று எங்கள் வயலிலேயே விறகு அடுக்கி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். சட்டம் அது, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. கொழுப்பு உருகி எரிகிற வாசனை ஊர் முழுக்கப் பரவியது. அப்பா வரப்பில் குந்தியபடி, "என் கடலைதாண்டா எரியுது" என்றார். நான் அப்போது பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு வாக்கியத்தை விட நல்ல பாடம் எந்த வகுப்பிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் பொறுமை இழந்து அவுட்டுக்காய் வைத்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பழத்துக்குள் வெடிமருந்தை வைத்து மறைத்து, பன்றி போகிற தடத்தில் போட்டுவிடுவது. கடித்தால் வாய் சிதறிவிடும். அதைப் பன்றி கடிக்கவில்லை. எங்கள் செவலைப் பசு கடித்தது. தாடை தொங்கியபடி அது தானாகவே தொழுவம் தேடி நடந்து வந்து நின்றது. அம்மா அன்றைக்கு அழுத அழுகையை நான் எழுதப்போவதில்லை. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: கொல்லக் கூடாது, தின்னக் கூடாது என்று எல்லாக் கதவையும் சாத்திவிட்டால் பன்றி பிழைத்துக்கொள்ளும் என்பதில்லை. யாரோ ஒருவர் கண்ணுக்குத் தெரியாத வழியில் எதையோ வைப்பார். அது யார் வாயில் வெடிக்கும் என்று அவருக்கே தெரியாது.

லெட்சுமி அக்கா நிபோங் திபால் ஊருக்கு அந்தப் பக்கம், பைராம் தோட்டத்தையும் தாண்டிப் போனால் வருகிற, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள் நிறைந்த ஒரு சின்னத் தோட்டத்தில் இருக்கிறார். தோட்டத்து வேலையை விட்டுப் பல வருஷமாகிறது, வீட்டை மட்டும் விடவில்லை. அதற்குக் காரணம் அவருடைய நாலு மாடுகள். விடிகாலையில் பால் கறந்து ஊற்றிவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஏறி மாக் மண்டின் வந்து இரும்புக்குப் பெயின்ட் அடிப்பார். மாடுகள் பகல் முழுக்கச் செம்பனை மரங்களுக்கடியில் மேயும். கணவர் இறந்த பிறகு இரண்டு பெண்களை அந்தப் பாலில்தான் படிக்க வைத்தார். மாடுகளைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரலில் ஒரு கனிவு வரும். எங்களோடு பேசும்போது அது வராது.

போன வருஷம் ஒரு நாள் அக்கா மரத்தடியில் சட்டியைத் திறக்கவில்லை. என்னவென்று கேட்டேன்.

"புதுசா நட்ட செம்பனைக் கன்னையெல்லாம் பன்னி தோண்டிப் போட்டுருச்சி. மேனேஜர் வெஷம் வைக்கப் போறாராம். மரவள்ளிக் கெழங்குல கலந்து வைப்பாங்க. என் மாட்டுக்கு மரவள்ளின்னா உயிரு, பாண்டி."

 செவலையின் கதையை அன்றைக்குத்தான் அவரிடம் முதல் முறையாகச் சொன்னேன். அக்கா கேட்டுவிட்டுச் சட்டியைத் திறக்காமலே எழுந்துவிட்டார். மேனேஜர் கெட்டவர் இல்லை, ஈப்போவிலிருந்து வந்த சீன இளைஞர், மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். அக்கா அவரிடம் போய் நின்று ஒரு மாதத் தவணை வாங்கியிருந்தார். அதற்குள் லெசென், அதாவது வேட்டை உரிமம், வைத்திருக்கும் வேட்டைக்காரர் ஒருவர் வாராவாரம் வந்து பன்றிகளைக் குறைக்க ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஸ்டோரில் ஏற்கெனவே இறக்கி வைத்திருக்கும் விஷ மூட்டைகளைப் பிரித்துவிடுவார்கள்.

வேட்டைக்காரர் இருந்தார். ஆ ஹோக் அங்கிள், அறுபது வயதுச் சீனர், நிபோங் திபாலில் வாத்து வளர்க்கிறவர். சின்ன வயதில் தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடியதால் தமிழ் பேசுவார். ஆனால் அவர் அந்தத் தோட்டத்துப் பக்கம் வருவதை நிறுத்திப் பல வருஷம் ஆகியிருந்தது. அவரைச் சமாதானம் செய்யப் போன அக்காவோடு நானும் போனேன். கெஞ்சினால் வருவார் என்று நினைத்தேன். ஏன் நிறுத்தினார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"சாப்பிட ஆள் இல்ல, நான் சுட மாட்டேன் லா" என்றார். "முன்னாடி அறுபது வீடு. இப்ப எல்லாரும் பிளாட்டுக்குப் போயாச்சி, ஃப்ரோசன் கோழி சாப்பிடுறான். கடைசி தடவ பாதிக் கறி நான் குழி தோண்டிப் பொதைச்சேன். வெக்கம்."

அவர் சொன்ன வெட்கம் எனக்கு உடனே புரியவில்லை. எங்கள் ஊரில் தின்றவன் வெட்கப்படுவான். இவர் தின்னாமல் புதைத்ததற்கு வெட்கப்படுகிறார். அங்கிளின் முறை இது: முதலில் கூறு எண்ணிக்கை தெரிய வேண்டும். ஒரு பன்றிக்கு நாற்பது கூறு. நாற்பது வீட்டுப் பெயர் எழுதிய தாள் கையில் வந்த பிறகுதான் துப்பாக்கி வெளியே வரும். தோட்டாச் செலவைக் கூறுக்காரர்கள் பகிர்ந்துகொள்ள வேண்டும். லெசெனில் எழுதியதற்கு மேல் ஒன்றுகூடக் கிடையாது. குட்டியோடு திரிகிற தாயைத் தொட மாட்டார். அக்காவுக்காக ஒரே ஒரு விட்டுக்கொடுப்பு செய்தார். முதல் பன்றியை நம்பிச் சுடுகிறேன், அதைச் சமைத்து ஆட்களுக்குப் போடுங்கள், அன்றைக்கு நாற்பது பெயர் சேர்ந்தால் வாராவாரம் வருகிறேன், சேராவிட்டால் என்னைக் கூப்பிடாதீர்கள் என்றார்.

இந்த விஷயத்தை ஊரில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளிடம் வீடியோவில் பெருமையாகச் சொன்னேன். அவள் பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றத்துச் செயலாளர். "அப்பா, காட்டு விலங்கையா சாப்பிடுறீங்க? எல்லாரும் சாப்பிட ஆரம்பிச்சா காடு ஒரு மாசம் தாங்குமா?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி, அதனாலேயே கோபம் வந்தது. நான் திருப்பிக் கேட்டேன்: நீ ஞாயிற்றுக்கிழமை தின்கிற பிராய்லர் கோழிக்கு மக்காச்சோளம் எங்கிருந்து வருகிறது? அந்த மக்காச்சோளத்துக்கு யார் காட்டை வெட்டினார்கள்? இங்கே ஆட்டிறைச்சி ஐஸில் உறைந்து, கப்பலேறி ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது. இந்தப் பன்றிக்கு யாரும் கொட்டகை போடவில்லை, தீவனம் வாங்கவில்லை, ஊசி போடவில்லை. உதிர்ந்த செம்பனைப் பழத்தையும் அக்கா நட்ட மரவள்ளியையும் தின்று, தானே வளர்ந்து நிற்கிறது. எப்படியும் அதைக் குறைக்கத்தான் போகிறார்கள், விஷத்திலா தோட்டாவிலா என்பதுதான் கேள்வி. மகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எண்ணித்தான் சுடணும்" என்றாள். அங்கிள் சொன்னதும் அதுதான் என்றேன். அவள் சொன்னது சரி. உலகத்துக்கே காட்டுக்கறி போட முடியாது. நாற்பது வீட்டுக்கு ஒரு பன்றி போட முடியும், அது பெருகி நிற்கிற இடத்தில், எண்ணிக்கையோடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் கடலுக்கு இந்தப் பக்கம், தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுனில், சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒரு தமிழ் முஸ்லிம் பாயின் மாடியில் வாடகைக்கு இருக்கிறேன். முதல் படகில் மோட்டாரை ஏற்றி அக்கரைக்குப் போய், விடிந்த கையோடு தோட்டத்து எல்லையை அடைந்தேன். உள்ளே ஒரே ஒரு வெடிச்சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அங்கிளும் இரண்டு பேரும் குடல் நீக்கிய ஒரு பெரிய ஆண் பன்றியை இழுத்துவந்து பிக்கப்பின் பின்தட்டில் போட்டார்கள். தோட்டத்து மண்டபத்துக்குப் பெரிய சாலை வழியாகத்தான் போக வேண்டும். "பின்னால உக்காந்து புடிச்சிக்க" என்றார் அங்கிள். உட்கார்ந்தேன். நன்றாக விடிந்துவிட்டது. எதிரே வருகிற ஒவ்வொரு காரும் என்னையே பார்ப்பது போல் இருந்தது. பக்கத்தில் கிடந்த இரண்டு சாக்குகளை எடுத்து, தலையிலிருந்து வால் வரைக்கும் மூடினேன். ஒரு கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. யாரும் என்னை மூடச் சொல்லவில்லை. என் ஊர் சொன்னது.

முச்சந்தியில் போலீஸ் சோதனை. வழக்கமானதுதான், மோட்டார்களையும் லாரிகளையும் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கிள் கண்ணாடியை இறக்குவதற்குள் மலாய்க்காரப் போலீஸ்காரர் ஒருவர், நாற்பது வயதிருக்கும், சிரித்த முகம், பின்பக்கம் நடந்து வந்து, "இது என்ன?" என்று மலாயில் கேட்டார். என் வாயிலிருந்து, "காம்பிங், துவான்" என்று வந்தது. ஆடு ஐயா. அதற்கு முன் நான் இத்தனை சரளமாக மலாய் பேசியதில்லை.

அவர் முகம் மலர்ந்தது. வருகிற வாரம் தன் வீட்டில் விருந்து என்றும், நல்ல ஆடு தேடிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார். எங்கே வாங்கினீர்கள், நல்ல பெரிய ஆடாக இருக்கும் போலிருக்கிறதே என்று கேட்டுக்கொண்டே, வெளியே நீட்டிய காலைப் பிடித்துப் பார்க்கக் கையை நீட்டினார்.

எனக்கு அப்போது சிறை, நாடு கடத்தல், பெர்மிட் ரத்து எல்லாம் ஒரு வினாடியில் வந்து போயின. ஆனால் கண் முன் நின்றது பாயின் கை. மாதம் பிறந்தால் வாடகையை வாங்கிக்கொண்டு, ஒரு தட்டு சோறும் கொடுத்து அனுப்புகிற கை. இந்த மனிதரும் முஸ்லிம்தானே, தெரியாமல் பன்றியைத் தொட்டுவிட்டால் அந்தப் பாவத்தை நான் எந்தக் கடலில் போய்க் கழுவுவேன்? "ஜாஙான், துவான்" என்று கத்தினேன். வேண்டாம் ஐயா. "பாபி. பாபி ஹூத்தான்." காட்டுப்பன்றி என்று சொல்லிவிட்டேன்.

கை அந்தரத்தில் நின்றது. அவர் அதை மெதுவாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார். சிரிப்பு போய்விட்டது. அங்கிள் இறங்கி வந்து லெசெனை எடுத்துக் கொடுத்தார். சீனத்தில் என்னை என்ன திட்டினார் என்று எனக்குத் தெரியாது, தெரியாமல் இருப்பதே நல்லது. ஒளித்தும் பொய் சொல்லியும் கொண்டுவந்ததால் போலீஸ்காரருக்கு லெசென் மேலேயே சந்தேகம். எங்கெங்கோ போன் போட்டார். ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்றோம். பன்றிக்கு மேல் ஈ மொய்க்கத் தொடங்கியது. பெயர் சேர்ந்ததா என்று பார்க்க மத்தியானம் இரண்டு மணிக்கு மேனேஜர் வருகிறார், காட்டுப்பன்றித் தோல் வேகவே இரண்டு மணி நேரம் பிடிக்கும். என்னால் எல்லாம் கெட்டது. எல்லாம் சரி என்று தெரிந்து தாள்களைத் திருப்பிக் கொடுத்தபோது, அந்தப் போலீஸ்காரர் அங்கிளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துப் பேசினார்.

"உங்க சாப்பாடு உங்களுக்கு. லெசென் இருக்கு, ஒரு தப்பும் இல்ல. ஏன் ஆடுன்னு சொன்னீங்க?"

என் ஊரில் இதற்குச் சிறை என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். அவருக்கு அது புரியவில்லை. பன்றி தின்றதற்காக ஓர் இந்துவைச் சிறையில் போடும் நாடு எது என்று நினைத்திருப்பார்.  பிறகு, "கடைசியில சொன்னீங்களே, அது போதும்" என்று சொல்லிவிட்டுக் கையசைத்து அனுப்பினார். அந்த ஒரு சொல்லுக்காகவே இந்த நாட்டை எனக்குப் பிடித்துப்போனது என்றால் நம்புவீர்களா தெரியவில்லை.

மண்டபத்தில் லெட்சுமி அக்கா கரண்டியோடு நின்றிருந்தார். நடந்ததை அங்கிள் சொல்லச் சொல்ல, அக்காவின் முகம் சிவந்தது.

"போலீஸ்கிட்ட ஆடுன்னு சொன்னியா? நாலு வருஷமா என் சட்டியிலதான கை வைக்கிற, ஒரு நாளாவது நான் மூடி வச்சிருக்கேனா?"

 அதற்குள் அடுத்த சிக்கல். பன்றியைத் தோலோடுதான் சமைக்க வேண்டும், தோல்தான் அந்தக் கறியின் உயிர். அதற்கு மயிரைப் பொசுக்கிச் சுரண்ட வேண்டும். தென்னை மட்டையைக் கொளுத்திப் பொசுக்குவது அவர்கள் வழக்கம். முந்தின நாள் மழையில் மட்டையெல்லாம் நனைந்து புகைகிறது, எரியவில்லை. மணி பத்தரை ஆகிவிட்டது. எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அக்காவின் மாட்டுக்கொட்டகைக் கதவின் வளைந்த சட்டத்தைச் சூடாக்கி நிமிர்த்துவதற்காக, முந்தின வாரம் நான் கொண்டுவந்த, தீ பீச்சும் கேஸ் டார்ச் அவர் வீட்டிலேயே கிடந்தது.

இனி நான் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இரும்பைச் சூடாக்குவது என் தொழில். எவ்வளவு தூரத்தில் பிடித்தால் நிறம் மாறும், எந்த நொடியில் விலக்க வேண்டும் என்பது என் மணிக்கட்டுக்குத் தெரியும். அக்கா வீட்டு கேஸ் சிலிண்டரை மாட்டி டார்ச்சைப் பற்ற வைத்து, முதுகில் தொடங்கி ஒரே சீராக நகர்த்திக்கொண்டு போனேன். மயிர் சுருண்டு உதிர்ந்தது, தோல் எங்கும் வெடிக்காமல் பொன்னிறமானது. பின்னாலேயே இரண்டு பேர் கத்தியால் சுரண்டித் தண்ணீர் ஊற்றினார்கள். இரண்டு மணி நேர வேலை இருபது நிமிஷத்தில் முடிந்தது. சுற்றி நின்ற தோட்டத்து ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆ ஹோக் அங்கிள் பன்றியின் காதைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "நல்ல கை" என்றார். முச்சந்திக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. அக்கா, கோபம் தணிந்த அடையாளமாக வெங்காயக் கூடையை என் பக்கம் தள்ளினார்.

பன்றியில் ஒரு பகுதியைச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, சீக்கிரம் வேகப் பச்சைப் பப்பாளியைத் துருவிப் பிசறி வைத்தோம். பட்டை, கிராம்பு, நிறைய இஞ்சி, மிளகாய் விழுது, கறிவேப்பிலை. கடைசியில் அக்கா ஒரு பாட்டில் கருப்புக் கிச்சாப்பைக் கவிழ்த்தபோது நான் தடுத்தேன். கறியில் சோயா சாறு ஊற்றுகிற பாவத்தை எங்கள் ஊரில் யாரும் செய்வதில்லை. "இது உங்க ஊர் பன்னி இல்ல, நகரு" என்றார். நகர்ந்தேன். அந்தப் பெரட்டலின் வாசனை மண்டபத்தைத் தாண்டிப் பெரிய சாலை வரைக்கும் போனது. கருவாடு சுட்டு மறைக்காத வாசனை. நான் என் வாழ்நாளில் முதல் முறையாக அதை மூச்சு நிறைய இழுத்தேன்.

அக்கா வாசலில் ஒரு மேசை போட்டு, நாலாக மடித்த நீளத் தாளையும் பேனாவையும் வைத்திருந்தார். பன்னிரண்டு மணிக்குப் பதினொரு பெயர்தான் இருந்தது. அக்கா அடுப்பையும் பார்க்காமல் அந்தத் தாளையும் பார்க்காமல், மாடுகள் மேய்கிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பிறகு மோட்டார்கள் வரத் தொடங்கின. பட்டறை ஆட்கள் எட்டுப் பேர் குடும்பத்தோடு வந்தார்கள். பிளாட்டுக்குக் குடிபோன பழைய தோட்டத்துக் குடும்பங்கள், வாட்சப்பில் செய்தி பார்த்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தன. பிள்ளைகள் முதலில் மூக்கைப் பொத்திக்கொண்டு, பிறகு ஒரு துண்டு, பிறகு தட்டோடு அடுப்படிக்கே வந்து நின்றார்கள். சாப்பிட்டவர்கள் கையைக் கழுவிவிட்டு மேசைக்குப் போனார்கள். மேனேஜர் வந்தபோது முப்பத்து நாலு. அவர் நின்றபடியே ஒரு தட்டு சாப்பிட்டார். உட்கார்ந்து இரண்டாவது தட்டு சாப்பிட்டார், அதற்குள் இன்னும் ஐந்து பெயர் சேர்ந்தது. மூன்றாவது தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தானே போய்ப் பேனாவை எடுத்துத் தன் பெயரையும் எழுதினார். அதுதான் நாற்பது. அதற்குப் பிறகும் மூன்று பேர் எழுதினார்கள், அவர்களைக் காத்திருக்கச் சொன்னார் அங்கிள்.

"ஸ்டோர்ல இருக்குற மூட்டைய நாளைக்கே திருப்பி அனுப்பிருவேன், ஆன்ட்டி" என்றார் மேனேஜர், வாயில் கறியோடு, பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும். அக்காவுக்கு அது கேட்டதா என்று தெரியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக மரங்களுக்கடியில் போய், ஒரு மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்தேன். நானும் பக்கத்தில் போய் நின்று இன்னொரு மாட்டின் தாடையைத் தடவிக் கொடுத்தேன். அது முழுத் தாடை. மரவள்ளி இலையை மென்றுகொண்டிருந்தது. எனக்கும் அழுகை வந்தது, மறைக்கவில்லை.

சமைத்தது போக மீதியை அங்கிள் கூறு போட்டார். வாழை இலைகளை வரிசையாக விரித்து, தோலும் எலும்பும் சதையும் ஒவ்வொரு இலையிலும் ஒரே அளவாக வைத்துக்கொண்டே போவார். யாருக்கு எது என்று அவர் தீர்மானிக்க மாட்டார், திரும்பி நின்றுகொள்வார். இன்னொருவர் தாளைப் பார்த்து வரிசைப்படி பெயரை வாசிக்க, வாசிக்கப்பட்டவர் அடுத்த இலையை எடுத்துக்கொள்ள வேண்டும். நான் சட்டி கழுவ எழுந்தேன். இதில் எனக்கென்ன வேலை, நான் பெர்மிட்டில் இருக்கிறவன், வீடு வாசல் அங்கே. முதலில் வாசித்த பெயர் "பாண்டி". அக்காவைப் பார்த்தேன்.

"நேத்தே எழுதுனது. காலையில பேர அடிச்சிரலாமான்னு பாத்தேன்" என்றார். "உன் பாய் வீட்டுக்கு இத நீ கொண்டு போவக் கூடாது. என் ஐஸ்பெட்டியில இருக்கட்டும். ஞாயித்துக்கிழமை வந்து தின்னுட்டுப் போ."

அவர் அதை ஒரு டப்பாவில் போட்டு, மூடி மேல் என் பெயரை எழுதி ஒட்டினார். இதை எழுதுகிற இன்றைக்கு ஏழு மாதம் ஆகிறது. செம்பனைக் கன்றுகள் இடுப்பளவு வளர்ந்துவிட்டன, நாலு மாடுகள் ஐந்தாகிவிட்டன. அங்கிள் சில வாரம் பன்றி கண்ணிலேயே படவில்லை என்று வெறுங்கையோடு வருகிறார். அப்போது எல்லோரும் கீரை சாப்பிடுகிறோம். என் கழுத்து திங்கட்கிழமைகளில் இப்போது திரும்புவதில்லை.

அந்த விருந்து ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலம் படகில் திரும்பும்போது அப்பாவைப் போனில் கூப்பிட்டேன். அங்கே இன்னும் நல்ல வெயில், வரப்பில்தான் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். போலீஸையும் சொன்னேன், டார்ச்சையும் சொன்னேன். முழுதும் கேட்டவர், கடைசியில் இதைத்தான் கேட்டார்.

"எரிக்கலையாடா?"

"இல்லப்பா. நாப்பது வீடும் தின்னுச்சு."

 "தோலோடவா?" என்றார்.

"தோலோடதான்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். அந்தக் கிணற்றடி நாளுக்குப் பிறகு பன்றிப் பேச்சில் அவர் சிரித்து நான் கேட்டதில்லை. படகு நடுக்கடலில் போய்க்கொண்டிருந்தது. முன்னால் பாயின் கடைக்கு மேலே என் படுக்கை இருக்கிற தீவு. ஊரில் ரேஷன் அட்டையில் என் பெயர் இருக்கிறது, நான் அங்கே சாப்பிட்டு நாலு வருஷமாகிறது. என் பெயரில் சாப்பாடு இருப்பது பின்னால் விட்டு வந்த கரையில், ஒரு தோட்டத்து வீட்டு ஐஸ்பெட்டிக்குள். நான் மோட்டாரில் சாய்ந்தபடி, அக்கரையைப் பார்த்துக்கொண்டே இக்கரையில் போய் இறங்கினேன்.